தீவகத்து உப்புக்காற்றும் காரின் பின்புற பிறேக்கும்: சின்னக் கிளிப்பைச் சரியாக மாட்டுவது எப்படி?

தீவகத்தில் கார் வைத்திருப்பவர்கள் கராஜுக்கு வந்து சொல்லும் முறைப்பாடுகளில் மூன்று திரும்பத் திரும்ப வரும். "காலையில் எடுக்கும்போது பின் சில்லு 'டக்' என்று விடுபடுகிறது." "பண்ணைப் பாலம் தாண்டி ரவுனுக்குப் போய்ச் சேர்ந்ததும் பின்பக்கத்தில் கருகல் மணம் அடிக்கிறது." "பாட் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது." மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: பாட் சரியில்லை, புதிதாக மாற்றுங்கள். மாற்றுகிறார்கள். சில மாதங்களில் அதே முறைப்பாட்டோடு திரும்பி வருகிறார்கள்.

வேலணைப் பக்கத்தில் சிறிய கராஜ் ஒன்றில் நான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இப்படி வரும் கார்களில் பிழை பாட்டில் இருப்பது குறைவு. பாட்டைப் பிடித்து வைத்திருக்கும் சின்னத் தகட்டுக் கிளிப்புகள், கலிப்பர் சறுக்கி ஓடும் கம்பிகள், அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறைகள், பாட்டின் முதுகில் இருக்கும் மெல்லிய 'சிம்' தகடு ஆகியவற்றில்தான் பிழை இருக்கும். இவை பழையதாக இருந்திருக்கும், அல்லது தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும், அல்லது ஒன்றிரண்டு இல்லாமலே பூட்டப்பட்டிருக்கும். இந்தச் சின்னச் சாமான்களை எப்படிச் சரியாக மாட்டுவது என்பதையே இங்கே விளக்குகிறேன். நீங்களே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் காரில் கை வைப்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கு இது உதவும்.

தீவகத்தில் ஏன் இது தனிப் பிரச்சினை?

யாழ்ப்பாண நகரத்திலிருந்து தீவகத்துக்குள் வரும் எந்த வீதியும் கடலைத் தொட்டே வருகிறது. பண்ணைப் பாலத்தில் இரு பக்கமும் கடல். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியிலும் அதே நிலை. காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் பாதையில் ஏறினால் அடியிலிருந்தே உப்புத் தண்ணீர் தெறிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் அலையின் தூவானம் தாம்போதிக்கு மேலாலேயே பறந்து வரும்.

இதைவிட மோசம் நிறுத்தி வைப்பது. நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகிறவர்கள் காரைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டுப் படகேறுகிறார்கள். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் வரிசையாக வாகனங்கள் அங்கே நாள் முழுக்க நிற்கும். சிலர் இரவும் தங்கிவிட்டுத்தான் திரும்புவார்கள். ஓடும் காரின் பிறேக் சூடேறி ஈரத்தை உலர்த்தும். நிற்கும் காரில் உப்பு ஈரம் அப்படியே தங்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே கிடக்கும்.

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது அது முன்பு பிடித்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். சுவருக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் கொங்கிறீற் வெடிப்பதைத் தீவகத்து வீடுகளில் எல்லோரும் கண்டிருப்போம். யுத்தத்தில் கைவிடப்பட்டுப் பல வருடங்கள் கூரையில்லாமல் நின்ற வீடுகளில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். பிறேக்கிலும் நடப்பது அதுதான். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

இருப்பதை வைத்து ஓட்டிய காலம்

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் யாழ்ப்பாணத்துக்கு வருவது அரிதாகிவிட்டது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு காரில் கழற்றிய நட் இன்னொரு காரில் உயிர்வாழும். எறிவது என்ற பேச்சே கிடையாது. அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தை நாங்கள் இன்றும் பெருமையாகத்தான் பேசுகிறோம். எனக்குத் தொழில் பழக்கியவர்களும் அந்தக் காலத்து ஆட்களே.

ஆனால் அந்தப் பழக்கம் இன்றைய காரின் டிஸ்க் பிறேக்கில் இரண்டு இடங்களில் எங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. முதலாவது, பழைய கிளிப்பை நிமிர்த்தி, உரசித் திரும்பப் போடுவது. இரண்டாவது, கழற்றிய எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுவது. அந்தப் பழைய கார்களில் பெரும்பாலும் நான்கு சில்லுக்கும் ட்ரம் பிறேக்தான். அங்கே இப்படியான கிளிப்புகளும் சறுக்குக் கம்பிகளும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாட்களைக் கழித்தோம். அந்த ஐந்து வருடங்களும் கையில் இருந்த காரையே எல்லோரும் ஓட்டினோம். அதனால் தீவகத்தில் இன்று ஓடும் கார்களில் பலவற்றுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அந்த வயதில்தான் இந்தச் சின்னச் சாமான்கள் கைவிடும்.

உங்கள் காரில் என்ன இருக்கிறது?

எல்லாக் காரிலும் பின்புறத்தில் டிஸ்க் இல்லை. சுசுகி வகன் ஆர், அல்ரோ, ரொயோட்டா அக்குவா, ஹையேஸ் வான் போன்றவற்றில் பின்புறம் ட்ரம். அவற்றில் சாமான் என்பது ஸ்பிறிங்குகளும், சப்பாத்தைப் பிடிக்கும் ஊசிகளும், தானாக இறுக்கும் அஜஸ்ரரும். அது வேறு வேலை. அதில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இழுபட்ட ஸ்பிறிங்கைத் திரும்பப் போடாதீர்கள்.

பின்புறத்தில் டிஸ்க் உள்ளவற்றில் எங்கள் பக்கம் அதிகம் காண்பது 2009 முதல் 2015 வரை தயாரான மூன்றாம் தலைமுறை பிரியஸும், ஹொண்டா வெசலும். பிரியஸில் காலால் மிதிக்கும் பார்க்கிங் பிறேக் கம்பி வழியாகப் பின்புறக் கலிப்பரையே இறுக்குகிறது. வெசலில் அதை மின்சார மோட்டார் செய்கிறது. இந்த வேறுபாடு வேலை செய்யும்போது முக்கியம்.

இரண்டும் ஹைபிறிட் என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது. பிறேக்கை மெல்ல மிதிக்கும்போது காரின் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைத்து பற்றரியை நிரப்புகிறது. பாட் டிஸ்க்கில் உரசுவது குறைவு. பாட் நீண்டகாலம் உழைப்பது நல்லதுதான். ஆனால் உரசிச் சூடேறி உலர்ந்து சுத்தமாகும் வாய்ப்பும் குறைகிறது. அதனால் உப்புக்காற்றில் ஹைபிறிட் காரின் பின்புற பிறேக்தான் முதலில் இறுகும்.

சின்னக் கிளிப் என்ன வேலை செய்கிறது?

கலிப்பரைத் தாங்குகின்ற வார்ப்பிரும்புப் பிறாக்கெற்றில் இரண்டு தவாளிப்புகள் இருக்கும். பாட்டின் இரண்டு முனைகளிலும் உள்ள காதுகள் அதற்குள் உட்காரும். பிறேக்கை மிதிக்கும்போது பாட் முன்னால் சறுக்கி டிஸ்க்கைப் பிடிக்க வேண்டும், விட்டவுடன் தளர வேண்டும். இரும்பும் இரும்பும் நேரடியாக உரசினால் சிக்கும் என்பதால் இடையில் துருப்பிடிக்காத மெல்லிய தகடு ஒன்றை வளைத்து வைத்திருக்கிறார்கள். அதுதான் கிளிப். அது பாட்டுக்குச் சறுக்குப் பாதை. பாட் ஆடிச் சத்தம் போடாமலும் அது பிடித்துக்கொள்கிறது. சில கிளிப்புகளில் உள்ள சிறிய கை, பாட்டை டிஸ்க்கிலிருந்து மெல்லத் தள்ளியும் விடுகிறது.

இப்போது துருவின் கதைக்கு வருவோம். கிளிப் துருப்பிடிக்காது. அதற்கு அடியில் இருக்கும் பிறாக்கெற் துருப்பிடிக்கும். துரு பெருத்து, கிளிப்பை அடியிலிருந்து உள்ளே தள்ளும். பாட்டின் காது ஓடும் இடைவெளி குறுகும். வெளியில் பார்த்தால் கிளிப் பளபளவென்று இருக்கும், ஆனால் பாட் இறுகி நிற்கும். புதிய பாட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றும் மெக்கானிக்கைக் கண்டால் அங்கே இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். தட்டி ஏற்றிய பாட் திரும்பி வராது. டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

பின்புற பிறேக் என்பதால் இதை ஓட்டுநர் உணர்வதும் தாமதம். காரை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்புறத்துடையது. பின்புறத்தில் ஒன்று இறுகினாலும் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் சாதாரண ஓட்டத்தில் தெரியாது. மாரி மழையில் நனைந்த தாம்போதியில், எதிரே பஸ் வர, சடுதியாக மிதிக்கும்போதுதான் தெரியும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காத கார் வால் பக்கம் இழுபடும். அந்த இடத்தில் ஒதுங்கக் கரை இல்லை.

என்னிடம் வரும் ஒருவர் இறுதி யுத்தத்தில் வன்னியில் இடது காலை முழங்காலுக்குக் கீழ் இழந்தவர். கியர் மாற்றத் தேவையில்லாததால் பிரியஸ் ஓட்டுகிறார். கிளினிக்குக்கு யாழ். போதனா வைத்தியசாலைக்கும், பிள்ளையை ரியூசனுக்கும் கொண்டுபோவது அந்தக் கார்தான். பார்க்கிங் பிறேக் பெடல் இடப்பக்கம் இருப்பதால் அதைச் செயற்கைக் காலால்தான் மிதிக்கிறார். பெடல் முழுதாக மேலே வந்துவிட்டதா, பின்னால் கம்பி தளர்ந்துவிட்டதா என்று அந்தக் காலுக்குத் தெரியாது. அவருடைய காரின் பின்புற இடது பிறேக் மாதக்கணக்கில் இறுகியே ஓடியிருக்கிறது. றிம் தொட முடியாத சூடாகி, மணம் வந்த பிறகுதான் வந்தார். பாட் புதியது. கிளிப்புகள் பழையவை, அடியில் துரு. இப்படியானவர்களுக்குக் கார் என்பது ஆடம்பரம் இல்லை, நடை. அதனால்தான் இந்தச் சின்ன வேலையைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

தொடங்க முன்

கிளிப்புத் தொகுதி, பாட், பிறேக்குக்கென்றே வரும் சிலிக்கன் கிறீஸ், பிறேக் கிளீனர் ஆகியவற்றை முதலே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரின் மொடல் இலக்கத்தைக் கடையில் காட்டி, பாட்டோடு கிளிப்பும் வருகிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பல மலிவான பெட்டிகளில் பாட் மட்டுமே இருக்கும். நெடுந்தீவில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கழற்றிய பிறகு ஒரு கிளிப் இல்லை என்று தெரிந்தால் படகேறிக் குறிகட்டுவான் வந்து, பஸ் பிடித்து ரவுனுக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும்.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின்புறக் கலிப்பரோடு இணைந்த பார்க்கிங் பிறேக் என்பதால் அதைத் தளர்த்த வேண்டும். ஆகவே கட்டை கட்டாயம். அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கத்து மணலில் ஜக் புதையும். அடியில் தடித்த பலகை போடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம். தாங்கி வைத்த பிறகே சில்லைக் கழற்றுங்கள்.

பிரியஸ் போன்ற ஹைபிறிட்டில் இன்னொரு எச்சரிக்கை. கார் நிறுத்தப்பட்டிருந்தாலும் கதவைத் திறந்தால் அல்லது பெடலைத் தொட்டால் பிறேக் கணினி விழித்து, பம்ப் வேலைசெய்து, கலிப்பருக்கு அழுத்தம் அனுப்பக்கூடும். கலிப்பர் கழன்ற நிலையில் அப்படி நடந்தால் பிஸ்ரன் வெளியே வந்துவிடும், விரல் இருந்தால் நசியும். காரை அணைத்து, சில நிமிடங்கள் விட்டு, 12 வோல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. சாவியைத் தூரத்தில் வையுங்கள். வெசல் போன்ற மின்சாரப் பார்க்கிங் பிறேக் உள்ள காரில் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான கருவியோ அறிவோ இல்லாவிட்டால் அந்தக் காரைத் தொடாதீர்கள். பலமாகத் தள்ளினால் மோட்டார் உடையும்.

பழைய பாட் சொல்லும் செய்தி

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். ஒன்று கழற்றாமல் இருந்தால் எது எங்கே இருந்தது என்று பார்க்கலாம். கழற்ற முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கலிப்பரின் இரண்டு போல்ற்றையும் கழற்றியதும் அதை ரப்பர் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள்.

பழைய பாட்டை எறிய முன் நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பிஸ்ரன் பக்கத்து உள்பாட் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் சறுக்குக் கம்பிகள் இறுகியிருக்கின்றன. வெளிப்பாட் மட்டும் தேய்ந்திருந்தால் கலிப்பர் மிதித்த இடத்திலிருந்து திரும்பி வரவில்லை, அல்லது அந்தப் பாட் கிளிப்பில் சிக்கியிருக்கிறது. ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் ஆப்புப் போலத் தேய்ந்திருந்தால் ஒரு காது சிக்கியிருக்கிறது, அல்லது இரண்டு கம்பிகளில் ஒன்று இறுகியிருக்கிறது. ஒரு சில்லின் இரண்டு பாட்டும் மற்றச் சில்லைவிட அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்ரனை அல்லது பார்க்கிங் பிறேக் கம்பியைச் சந்தேகியுங்கள். காரணத்தைத் திருத்தாமல் பாட்டை மட்டும் மாற்றினால் அதே தேய்வு திரும்ப வரும்.

டிஸ்க்கையும் பாருங்கள். ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலும், உப்பு அரித்துக் குழிவிழுந்திருந்தாலும் புதிய பாட் பயன் தராது.

சுத்தம் செய்வதே பாதி வேலை

பழைய கிளிப்புகளைக் கழற்றுங்கள். அடியில் செம்பழுப்பாகப் பொருக்குக் கட்டியிருப்பது தெரியும். அதைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாலும் இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். துருவைத்தான் எடுக்க வேண்டும், இரும்பை இல்லை. கிரைண்டர் வைத்துக் குடைந்தால் இடைவெளி பெருத்துப் பாட் ஆடும். மூலைகளில் ஒளிந்திருக்கும் துருவை ஸ்குறூ டிரைவர் முனையால் சுரண்டுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது அந்த மூலையைத்தான்.

தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய பாட்டுகளில் அஸ்பெஸ்டொஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரமாக்கித் துடையுங்கள், முகமூடி போடுங்கள்.

மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், எஞ்சின் ஒயில், சாதாரண மஞ்சள் கிறீஸ் எதுவும் இங்கே வேண்டாம். பிறேக்கில் உள்ள ரப்பர், பிறேக் ஒயிலுக்கு ஈடுகொடுக்கும் வகை ரப்பர். கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப் பருக்கும். பருத்த ரப்பர் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். சுத்தமாகக் கழுவினோம் என்று நினைத்த காரே பிறகு இறுகி வருவதற்கு இது ஒரு காரணம். பிறேக் கிளீனர் இல்லையென்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முழுதாக உலர விடுங்கள்.

சறுக்குக் கம்பிகள் இரண்டையும் வெளியே எடுங்கள். பல கார்களில் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கும், மற்றதில் இருக்காது. எது மேலே, எது கீழே என்று குறித்து வையுங்கள். மாறிப் போனால் கலிப்பர் கோணலாக இழுபடும். கம்பியைத் துடைத்து, துருக்குழி இருந்தால் மாற்றி, சிலிக்கன் கிறீஸை மெல்லப் பூசுங்கள். அளவுக்கு மிஞ்சினால் துவாரத்துக்குள் காற்று அடைபட்டுக் கம்பி திரும்ப வெளியே தள்ளும். ரப்பர் உறையின் உதடு தவாளிப்பில் முழுச்சுற்றும் உட்கார வேண்டும். கிழிந்த உறையை ஒட்டிப் பாவிக்க வேண்டாம். அதற்குள்ளால் உப்புத் தண்ணீர் போனால் கம்பி விரைவில் இறுகிவிடும்.

மாட்டும் முறை

புதிய கிளிப்புகளை மேசையில் பரப்பிப் பாருங்கள். மேலுக்கும் கீழுக்கும், உள்ளுக்கும் வெளிக்கும் வடிவம் வேறுபடலாம். எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, பெருவிரலால் அழுத்தி மாட்டுங்கள். சரியாக உட்காரும்போது மெல்லிய 'கிளிக்' சத்தம் வரும். உட்கார்ந்த பிறகு கிளிப்புக்கும் பிறாக்கெற்றுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிந்தால் அங்கே இன்னும் துரு இருக்கிறது. கழற்றித் திரும்பச் சுத்தம் செய்யுங்கள். கிளிப்பின் எந்தப் பகுதியும் டிஸ்க்கைத் தொடக்கூடாது. கையால் டிஸ்க்கைச் சுழற்றினால் கீறும் சத்தம் வரக்கூடாது.

அடுத்ததாகப் பாட்டை வெறுமையாக உள்ளே வைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஆனால் கடகடவென்று ஆடக்கூடாது. இந்த ஒரு சோதனை போதும், மெக்கானிக் செய்த வேலை சரியா பிழையா என்று சொல்ல. ஓடவில்லையென்றால் முதலில் கிளிப்பின் அடியைப் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தும் ஓடவில்லையென்றால் பாட்டின் காதில் பெயின்ற் தடித்திருக்கலாம், அதை மட்டும் மெல்ல உரசி எடுங்கள்.

கிறீஸ் விடயத்தில் எங்கள் மணலை மறக்காதீர்கள். பாட் காது சறுக்கும் இடத்தில் தடிப்பாகக் கிறீஸ் பூசினால் மணல் ஒட்டி உப்புத்தாள் போலாகிவிடும். மிக மெல்லிய படலம் போதும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். பாட்டின் உரசும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு விரலடையாளமும் படக்கூடாது.

சிம் தகட்டைப் பாட்டின் முதுகில் கொக்கிகள் பிடிக்கும்படி மாட்டுங்கள். அது இல்லாவிட்டாலும் கார் நிற்கும்தான். ஆனால் கீச்சிடும், சூடும் கூடுதலாகக் கலிப்பருக்குள் போகும். பாட் முடிவதை அறிவிக்கும் கீச்சுத் தகடு இருந்தால், முன்பு இருந்த அதே பாட்டில், அதே பக்கத்தில், அதே திசையில் வர வேண்டும். மாறி மாட்டினால் அது டிஸ்க்கைத் தொடாது, பாட் முடிந்தாலும் சத்தம் வராது.

பின்புறப் பிஸ்ரனைத் தள்ளாதீர்கள், சுழற்றுங்கள்

முன்புறத்தில் பிஸ்ரனை அழுத்தித் தள்ளி உள்ளே விடலாம். பிரியஸ் போன்றவற்றின் பின்புறத்தில் பார்க்கிங் பிறேக்கின் திருகு உள்ளே இருப்பதால் அப்படித் தள்ளினால் உடையும். அதற்குரிய கருவியால் மெல்ல அழுத்தியபடி சுழற்ற வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியாக. சுற்றும்போது ரப்பர் உறை கூடவே முறுகாமல் பாருங்கள். முன் பக்கத்தில் பிறேக் ஒயில் தாங்கி நிரம்பி வழியாமலும் ஒரு கண் வையுங்கள், பெயின்றில் பட்டால் உரித்துவிடும்.

பிஸ்ரனின் முகத்தில் தவாளிப்புகள் இருக்கும். உள்பாட்டின் முதுகில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் தவாளிப்புக்குள் விழும்படி பிஸ்ரனைத் திருப்பி நிறுத்த வேண்டும். குமிழ் மேட்டில் ஏறி நின்றால் பாட் சரிந்து உட்காரும், ஆப்புப் போலத் தேயும், பார்க்கிங் பிறேக்கும் சரியாகப் பிடிக்காது. கீழ்ப்பக்கப் பாட்டைக் கண்ணாடி வைத்தாவது பார்த்து உறுதிசெய்த பிறகே போல்ற்றைப் பூட்டுங்கள். போல்ற்றின் இறுக்கம் உங்கள் கார்க் கைநூலில் உள்ள அளவுப்படி, அளவு ஸ்பனரால். கைக்கணக்கில் இறுக்கினால் கம்பி முறியவும் கூடும், கழலவும் கூடும்.

வீதிக்கு எடுக்க முன்

இரண்டு பக்கமும் முடிந்து, பற்றரியைக் கொடுத்த பிறகு, காரை அசைக்க முன் பெடலைப் பலமுறை மெதுவாக மிதியுங்கள். பாட் டிஸ்க்கோடு சேரும்வரை பெடல் அடிவரை போகும். இதை மறந்து காரை எடுத்தவர்கள் முதல் மிதியிலேயே மதிலில் போய் நின்றிருக்கிறார்கள். பார்க்கிங் பிறேக்கையும் சில தடவை போட்டு எடுங்கள். ஒயில் மட்டத்தைப் பாருங்கள். சில்லைக் கையால் சுழற்றுங்கள். மெல்லிய உரசல் இருக்கலாம், கனமாக இழுக்கக்கூடாது.

புதிய பாட் டிஸ்க்கோடு பழகச் சிறிது ஓட்டம் வேண்டும். வெறுமையான ஊர் வீதியில், நடுத்தர வேகத்திலிருந்து மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பத்துப் பன்னிரண்டு தடவை செய்யுங்கள். ஹைபிறிட்டில் சாதாரணமாக மிதித்தால் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், ஆளில்லாத இடத்தில் நியூற்றலில் வைத்து மிதித்தால்தான் பாட் வேலை செய்யும். முதல் சோதனை ஓட்டத்தைத் தாம்போதியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று வீடு திரும்பியதும் நான்கு றிம்மருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் திரும்பத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

பிறகு செய்ய வேண்டியவை

தாம்போதியில் தூவானம் பட்ட நாளில் சில்லுகளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் அடிப்பது பெரும் உதவி. ஆனால் எங்கள் கிணறுகளில் பல உவர். உவர்த்தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய மாதிரி. குடிக்கவே நல்ல தண்ணீர் தேடும் இடத்தில் காருக்கு ஊற்றுவது சங்கடம்தான். மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள். கழுவியதும் அப்படியே நிறுத்தாமல், சிறிது தூரம் ஓட்டி இரண்டு மூன்று தடவை பிறேக் பிடித்து உலர்த்துங்கள்.

குறிகட்டுவானில் ஒரு நாளுக்கு மேல் காரை விடுவதானால், சமதரையில், கியரைப் பார்க்கில் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிறேக்கைப் போடாமல் விடுவது நல்லது. சரிவில் அப்படி விடவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் ஊரில் வீட்டில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகும் கார்களுக்கும் இது பொருந்தும். வந்து இறங்கிய அன்றே அந்தக் காரில் குடும்பத்தோடு புறப்படாமல், பின் சில்லுகளைக் கழற்றிப் பார்த்த பிறகு புறப்படுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, மாரி முடிந்த கையோடு, பாட் தேயாவிட்டாலும் பின்புறத்தைத் திறந்து கிளிப்பின் அடியைச் சுத்தம் செய்து, கம்பிகளுக்குக் கிறீஸ் போடுங்கள். பாட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கிளிப்பையும் மாற்றுங்கள். கராஜில் கொடுப்பவர்கள் கழற்றிய பழைய கிளிப்புகளைத் தங்கள் கையில் தரும்படி கேளுங்கள். சின்னப் பிளாஸ்டிக் பையில் எட்டுத் தகடுகள் வர வேண்டும், ஒரு சில்லுக்கு நான்கு. சில மொடல்களில் எண்ணிக்கை மாறும், புதிய பெட்டியில் எத்தனை இருந்ததோ அத்தனை பழையதும் வர வேண்டும். வரவில்லையென்றால், புதியது மாட்டப்பட்டதா என்று அங்கேயே நின்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேளுங்கள்.